அவர்கள் எதற்கு வந்தார்கள்

அக்கா ஜன்னல்களுக்குத் திரை தைப்பவள். வெளிநாட்டுப் படை எங்கள் ஊரில் முகாம் போட்டபோது ஜன்னல்களை அளக்கப் போனாள். அதிகாரி சொன்னதை அவளுக்கும், அவள் சொன்னதை அதிகாரிக்கும் மொழி மாற்றிச் சொன்னவர்தான் பிறகு எங்கள் அத்தான் ஆனார். படை கிளம்பியபோது அவருக்கு விமானத்தில் இடம் கிடைத்தது. மனைவியைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்களாம். இங்கே தங்கியிருந்தால் காட்டிக்கொடுத்தவன் என்று அவர் கதையை முடித்திருப்பார்கள்.

ஞாயிறு மாலைகளில் அந்த நாட்டு அகதி முகாமிலிருந்து அழைப்பார். பின்னால் வரிசை நிற்கும், கொஞ்ச நேரம்தான் பேச முடியும். மாமா வந்து அப்பாவோடு மல்லுக்கு நிற்பதும் அதே நேரத்தில்தான்.

"அவனுங்க வந்தது துறைமுகத்துக்கு. காப்பாத்தறேன்னது சும்மா சாக்கு" என்பார் அப்பா.

"எதுக்கோ வந்தான். வரலேன்னா நீங்களும் நானும் பொணம், மச்சான். பொணம் இப்படி வாயடிக்குமா?"

"உங்க வாய் அப்பவும் மூடியிருக்காது. பாதி ஊரு இடிஞ்சு கெடக்கு. துப்பாக்கிய எல்லார் கையிலயும் குடுத்துட்டுப் போயிருக்கான். இதுக்கு யாரு பதில் சொல்றது?"

போன ஞாயிறு மாமா அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "மாப்ள, கூடவே இருந்தீங்க. எதுக்கு வந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் போனில் முணுமுணுத்தாலும் அறை முழுக்கக் கேட்கும். "ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க மாமா. நான் எல்லாத்தையும்தான் மாத்திச் சொன்னேன்."

அதை வைத்து இருவரும் இன்னும் சூடானார்கள். போன் அக்காவிடம் திரும்பியபோது இணைப்பு போயிருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஓரத்தைத் தைத்தாள். பிறகு முழுவதையும் பிரித்தாள்.

இந்த ஞாயிறு முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா கத்திரிக்கோல்தான் பேசும்."

மணி அடித்தது. அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தில் ஒரே வரியில் நின்றேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"ம். அங்க குளிரா?"

"ம்."

வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது எதுவும் அவள் வாய்க்கு வரவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்? மாமாவுக்கு ஏதாவது..."

"ஐயோ, இல்ல. இங்கதான் இருக்காங்க."

"கொஞ்சம் சண்ட போடச் சொல்லேன். வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும்."

அக்கா அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "துறைமுகத்துக்குத்தான் வந்தானுங்க."

"யாரு சொன்னா?" என்றார் மாமா. முதலில் குரலில் உயிரே இல்லை. பிறகு நிஜமாகவே சண்டை பிடித்துக்கொண்டது.

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து இருவருக்கும் நடுவே நீட்டிப் பிடித்தாள். வலித்தபோது கை மாற்றினாள். அந்தச் சண்டைச் சத்தத்தில், அந்தப் பக்கம் அத்தான் ஏதாவது சொன்னாரா என்று யாருக்கும் கேட்கவில்லை.