மகளின் பாட்டைத் தோற்கடித்தவர்

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் ரே ஹாஸ்லமைக் கடைக்காரர்களுக்கு ரொட்டி வேன் ஓட்டுபவராகத் தெரியும். மற்றவர்களுக்கு டிசம்பர் பிறந்ததும் காரியத்தைக் கெடுக்க வருகிற ஆளாகத் தெரியும். இரண்டு வேலையையும் அவர் ஒரே முகத்தோடுதான் செய்தார். அந்த முகத்தில் சிரிப்பும் கிடையாது, சலிப்பை மறைக்கிற சாமர்த்தியமும் கிடையாது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்பனையில் எந்தப் பாட்டு முதலிடம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. அதற்குப் பந்தயக் கடையில் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. சில வருஷங்களாக அந்த இடத்தை ஒரு டிவி பாட்டுப் போட்டி குத்தகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை இறுதிச் சுற்று முடியும். மறுநாள் ஜெயித்தவரின் பாட்டு விற்பனைக்கு வரும். அடுத்த ஞாயிறு மாலை ரேடியோவில் அதுதான் முதலிடம் என்பார்கள். ஜெயிக்கப்போவது யார் என்று தெரிவதற்கு முன்பே பாட்டு மட்டும் தயாராக இருக்கும். இறுதிச் சுற்றுக்கு வந்த அத்தனை பேரையும் அதே பாட்டைப் பாடவைத்துப் பதிவு செய்வார்கள். தோற்றவர்களின் குரல் குப்பைக்குப் போகும். இதை ஒரு பத்திரிகையில் படித்த அன்றுதான் ரேவுக்கு வயிறு எரிந்தது.

லீட்ஸில் நைஜல் ஃப்ராபிஷர் என்று ஒருவர், கல்லூரி ஆபீசில் வேலை. அவருக்கும் அதே எரிச்சல். இரண்டு பேரும் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். அந்த ஒரு வாரம் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒரு பழைய பாட்டை வாங்குவோம், போட்டிக்காரனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவோம் என்று எழுதினார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது. பெரும்படை சேர்ந்துவிட்டது. முதல் வருஷம் ஜெயித்தும்விட்டார்கள். அன்றைக்கு ரே குடித்த பீர்தான் அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமாகக் குடித்த பீர் என்பார் நோரீன். நோரீன் அவர் மனைவி. நம் கல்யாணத்தன்று குடித்ததுகூட இரண்டாம் இடம்தான் என்றும் சேர்த்துச் சொல்வார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் அதே கூத்து. எந்தப் பாட்டு என்று ஓட்டெடுப்பு, அதற்கு ஒரு சண்டை, தோற்றவர்களின் கோபம். ஒருமுறை தோற்றார்கள், ஒருமுறை மயிரிழையில் தோற்றார்கள். நடுவில் ஒரு செய்தி தெரியவந்தது. போட்டிக்காரரின் பாட்டை விற்கும் கம்பெனியும், இவர்கள் வாங்கச் சொன்ன பழைய பாட்டை விற்கும் கம்பெனியும் ஒரே முதலாளிக்குச் சொந்தமாம். எந்தப் பக்கம் காசு போட்டாலும் ஒரே உண்டியலில்தான் விழுந்திருக்கிறது. நைஜல் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ரேவிடம் விளக்கம் இல்லை. ஆனாலும் விடவில்லை. புகைபிடிக்கிறவன் ருசிக்காகவா பிடிக்கிறான்?

இந்த நேரத்தில்தான் மகள் பெத்தனி அதே போட்டிக்குப் போனாள்.

அவளாகப் போகவில்லை. விண்ணப்பம் போட்டது நோரீன். பெத்தனிக்கு நல்ல குரல். தொழிலாளர் கிளப்பில் வெள்ளிக்கிழமைகளில் பாடுவாள். அவள் பாடும்போது சீட்டில் எண்களை அடித்து பிங்கோ ஆடுகிற பெண்கள்கூடப் பேனாவைக் கீழே வைப்பார்கள். பகலில் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். முதல் சுற்றில் போய் வரட்டும், ஒரு அனுபவம்தானே என்று ரேயும் விட்டுவிட்டார். அவள் சுற்றுக்குச் சுற்று மேலே போனாள். தெரு முழுக்க ஜன்னல்களில் அவள் படம் முளைத்தது. ரேயின் இணையப் பக்கத்தில் அந்த வருஷத்துப் பாட்டு நவம்பரிலேயே முடிவாகியிருந்தது. ஹல் நகரத்து நாலு பையன்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் காஸ் பில்லைத் திட்டிக் கத்தின பாட்டு.

"உன் பொண்ணு ஜெயிச்சா என்னய்யா பண்ணுவே?" என்று நைஜல் போனில் கேட்டார்.

"ஜெயிச்சா நான் விலகிக்கறேன். நீ பாத்துக்கோ."

"ஜெயிக்க மாட்டா. சொந்தக் குரல் இருக்கிறவங்களை அவங்க ஜெயிக்க விடறதில்லை."

சொந்தக் குரல் இருந்தும் பெத்தனி ஜெயித்துவிட்டாள். சனிக்கிழமை கிளப்பில் பெரிய திரை கட்டிப் பார்த்தார்கள். நோரீன் அழுதார், ரேயும் அழுதார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, நான் விலகிக்கொள்கிறேன், காரணம் உங்களுக்கே தெரியும் என்று இணையப் பக்கத்தில் போட நாலு வரி எழுதிவைத்தார். திங்கட்கிழமை மதியம், பேக்கரி முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லை. சொல்லு கண்ணு. ராணி மாதிரி வச்சிருக்காங்களா உன்னை?"

"நீ விலகப் போறதா அம்மா சொன்னாங்க. விலகாதே."

அவருக்குப் புரியவில்லை. குழாயை நிறுத்தினார்.

"இந்தப் பாட்டு முதல்ல வந்துட்டா என்னை விட மாட்டாங்கப்பா. ரெண்டு வருஷம். கையெழுத்து போட்டாச்சு. வரலைன்னா ஜனவரியிலேயே கழட்டி விட்டுடுவாங்க, போன வருஷம் அந்தப் பையனை விட்ட மாதிரி. என் முடியை என்ன பண்ணி வச்சிருக்காங்க பாத்தியா? எது பேசணும்னு எழுதித் தர்றாங்க. தூக்கமே இல்லை. அந்தப் பாட்டுல என் குரலை எடுத்துட்டு இன்னொருத்தி குரலை வச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது. நீயே அதைத்தானே இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கே."

"சொன்னேன்தான்."

"அப்ப ஜெயிச்சுக் குடு. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

"அம்மாகிட்ட?"

"ஐயோ, மூச்சு விடாதே. தாங்க மாட்டாங்க. பத்திரிகைக்காரங்க காதுக்குப் போச்சுன்னா என் கதை அவ்ளோதான்."

எழுதிவைத்த நாலு வரியை ரே அழித்தார். அதற்குப் பதிலாக, இந்த வருஷமும் நான் இருக்கிறேன், பாட்டு பாட்டுதான், வீடு வீடுதான் என்று போட்டார். அடுத்த நாள் பத்திரிகைகளில் வந்துவிட்டது. பெற்ற மகளையே கவிழ்க்கும் தகப்பன் என்று கொட்டை எழுத்தில் போட்டு, வேன் பக்கத்தில் அவர் கொட்டாவி விடுகிற படத்தையும் போட்டிருந்தார்கள். படையில் சேர ஆட்கள் குவிந்தார்கள். அவர் பெயர் கெடக் கெட ஹல் பையன்களின் பாட்டு விற்றது. அந்த வாரம் மூன்று கடைக்காரர்கள் ரொட்டியை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். ஒருவர் மட்டும் பேசினார். "உன்னையெல்லாம் என்ன ஜென்மம்னு சொல்றது" என்றார்.

நோரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெத்தனியின் அறைக்குத் தலையணையைக் கொண்டுபோய்விட்டார். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ என்ன தப்பு பண்ணினா உனக்கு?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் ஏன் ரே?"

உண்மையைச் சொன்னால் நோரீன் போனை எடுத்து மகளிடம் அழுவார், அங்கே அதை யாராவது கேட்பார்கள். அவருக்கு வாய் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிறு வரை போகவேண்டியதுதான் என்று நினைத்தார். சுமை தூக்குவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் ரொட்டித் தட்டை ஒரு வாசலில் இறக்கி வைத்துவிடலாம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது சமையலறை நிறையப் பெண்கள். கிளப்பில் பிங்கோ ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேசை நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. ஆளாளுக்கு அதில் காசு போட்டிருந்தார்கள். எதிரே நோரீன், பெத்தனியின் பழைய லேப்டாப், மூக்குக் கண்ணாடி. மகளின் பாட்டை ஒருமுறை வாங்குவார், முடிந்ததும் மறுபடி அதையே வாங்குவார். ஒவ்வொரு தடவையும் ஒருத்தி பெயரைச் சொல்லி, "இது உன்னுது ஹில்டா", "இது உங்க அக்காவுது" என்று பொத்தானை அழுத்தினார். எல்லாவற்றையும் தன் ஒரே அக்கவுண்டில், தன் ஒரே கார்டில் வாங்கிக்கொண்டிருந்தார்.

ரே வாசலிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷமும் தன் படைக்கு அவர் தொண்டை கிழியச் சொன்ன பாடம் அது ஒன்றுதான். ஒரே அக்கவுண்டில் நூறு தடவை வாங்கினாலும் பட்டியல் போடுகிறவர்கள் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். ஆளுக்கு ஒரு அக்கவுண்டில் வாங்கவேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பே இதுதான். நோரீன் அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அங்கிருந்த பெண்கள் எல்லோர் கைப்பையிலும் போன் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஆளுக்கொரு போனில் வாங்கிவிடுவார்கள், போய் அவரவர் தெருவிலும் சொல்வார்கள்.

"என்ன பாக்கறே? வேவு பாக்க வந்தியா?" என்றார் நோரீன், திரும்பாமல்.

ஹில்டா கிழவி சும்மா இருப்பாளா? "விடு நோரீன். பயந்துட்டாரு. நாளைக்குப் பத்திரிகையில அவர் படத்துக்குப் பதிலா என் படம்தான் வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரே வாயைத் திறந்தார். வீட்டுக்கு வந்துடறேன் என்று மகள் சொன்னது காதில் இருந்தது. "யாருக்காவது டீ வேணுமா?" என்று கேட்டார்.

போட்டும் கொடுத்தார். அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே அவர்கள் ஒன்றுக்கும் ஆகாத பாட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் விழுந்த காசுக்குக் கணக்கு தீரும்வரை நோரீன் எழுந்திருக்கவில்லை. அவர் விரல்கள் வலித்திருக்கவேண்டும், அடிக்கடி உதறிக்கொண்டார். தன்மேல் தனக்கே இவ்வளவு அருவருப்பு வரும் என்று ரே அதற்கு முன்னால் நினைத்ததில்லை.

ஞாயிறு மாலை கிளப்பில் ரேடியோ வைத்தார்கள். ரே கதவோரமாக நின்றார், அவர் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது இடம் வேறு யாருக்கோ. அப்புறம் அறிவிப்பாளர் கொஞ்சம் இழுத்து, இரண்டாவது இடம் என்று சொல்லிப் பெத்தனியின் பெயரைப் படித்தார். வித்தியாசம் ரொம்பக் குறைவு என்றும் சொன்னார். நோரீன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ரேடியோவில் பெத்தனியையும் பேசவைத்தார்கள். வாங்கியவர்களுக்கெல்லாம் நன்றி, ஹல் பையன்களுக்கு வாழ்த்துகள், அப்பாவுக்கும் என்று சொன்னாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று ரே நினைத்துக்கொண்டார். பையில் போன் அதிர்ந்தது, நைஜல். அவர் எடுக்கவில்லை.

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. ஜனவரியில் கம்பெனி மரியாதையாகக் கைகழுவியது. பெத்தனி இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். நோரீன் தலையணையோடு பழைய அறைக்குத் திரும்பினார். கணவரை மன்னித்து இல்லை, மகளுக்குப் படுக்க இடம் வேண்டுமே. செருப்புக் கடையில் பழைய வேலையையே கொடுத்தார்கள். முதல் சில நாள் செருப்பு வாங்காமலே ஆட்கள் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு அதுவும் நின்றது.

ரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். பெரிதாக எதுவும் வேண்டாம், தேங்க்ஸ்பா என்று ஒரு வார்த்தை. ஊர் அவரை இன்னும் மன்னிக்கவில்லை, வீட்டில் தட்டை வைக்கிற சத்தத்திலேயே நோரீனின் கோபம் தெரிந்தது. உள்விஷயம் தெரிந்தவள் பெத்தனி ஒருத்திதானே. அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் மழை என்று கடை வாசலில் அவளை வேனில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது அவரே கேட்டார்.

"இப்ப நல்லாத் தூங்கறியா கண்ணு?"

"தூங்கறேன்."

"நல்லவேளை வந்துட்டே."

அவள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

"அப்பா, உன்கிட்ட சொன்னா கோச்சுக்கக் கூடாது. அந்த ஞாயித்துக்கிழமை ஸ்டுடியோவில உக்காந்திருந்தேன் பாரு. மூணாவது பேரைப் படிச்சாங்களா, அப்ப எனக்கு என்னமோ ஆயிடுச்சு. எனக்கே வரட்டும்னு வேண்டிக்கிட்டேன். ஒரு வாரம் போதும், ஒரே ஒரு வாரம். கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவதுன்னு என் பேரைச் சொன்னதும் உள்ள ஏதோ விட்டுப்போச்சு."

"நீதானே..."

"நான்தான் சொன்னேன். திங்கக்கிழமை சொன்னேன். அன்னிக்கு சாப்பிடக்கூட இல்லை, அழுதுட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிட்டேன். மறுபடி உன்கிட்ட வேற மாதிரி சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். சிக்னல் மாறியிருந்தது. ரே வண்டியை எடுத்தார், ஆனால் கொஞ்ச தூரத்திலேயே ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அம்மா அவ்ளோ பேரைச் சேத்து வாங்கினாங்களே, அது எப்படிப்பா பத்தாமப் போச்சு?" என்றாள் பெத்தனி. சும்மா பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அதற்கும் தெம்பு இல்லை.

"அது சேரலை. ஒரே அக்கவுண்ட்ல வாங்கினா ஒண்ணுன்னுதான் எண்ணுவாங்க."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான் நின்னேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்திருந்தால் தாங்கியிருப்பார், கோபத்துக்கு அந்த வருஷம் நன்றாகப் பழகியிருந்தார். அவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"பரவால்லப்பா. நீ எனக்காகத்தானே பண்ணினே" என்றாள்.

கடையில் தன் அளவுக்குச் செருப்பு கிடைக்காதவர்களிடம் சொல்வது போல அதை மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள். ரே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவள் கையை எடுக்கவில்லை. மழை விடட்டும், அப்புறம் போகலாம் என்றாள்.