வாத்துக்குப் போன பிடி அரிசி

பிணம் தூக்குவதும் கோயிலுக்கு வசூல் செய்வதும் யாரும் விரும்பி ஏற்காத வேலைகள். முதலாவதில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்பதால் அதுவே சுலபம். இதைப் படிக்கிறவர்களில் பலரும் ஏதாவது ஒரு சபைக்கோ சங்கத்துக்கோ சாக்கு தூக்கி அலுத்தவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து வருஷம் ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி மில் வாசல்களிலும் பெட்டி மேல் ஏறி நின்று பேசியவன் நான். அரையணாத் துண்டுப் பிரசுரங்கள்தான் என் பள்ளிக்கூடம். இரண்டு தடவை சிறைக்குப் போய் வந்தேன். நான் தொடங்கிய சங்கத்தில் இன்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத் தெருவில் கண்டால், ட்ராமுக்கு நேரமாகிறது என்கிறார்கள். இந்த நிலையில்தான் எங்கள் ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபையின் பாதிரியார் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பழக்கத்தில் அவரை நாங்கள் ஐயர் என்போம். "வீடு வீடாக ஏறி இறங்கப் பயப்படாத ஆள் நீர் ஒருவர்தான்" என்றார். அது உண்மையானதால் ஒப்புக்கொண்டேன்.

வேலை இதுதான். எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்தப் பிடி கடவுளுக்கு. சனிக்கிழமை காலையில் அறுபது வீட்டுப் பிடி அரிசியையும் சாக்கில் வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள்

அறுபதில் முப்பது வீடுகள் ஒரு அரிசி மில்லைச் சேர்ந்த கூலி லைனில் இருந்தன. முதல் சனிக்கிழமை அங்கே போனதும் பழைய பழக்கம் விடவில்லை. மாடிப்படியில் நாலு படி ஏறி நின்று பேசினேன். ஒற்றை அரிசி உலைக்கு உதவாது, பிடியாகச் சேர்ந்தால்தான் பலம், தயங்குகிறவன் தன் பிள்ளைகளுக்கே துரோகி என்றெல்லாம் முழங்கினேன். நல்ல கைதட்டல். அரிசியும் நிறைய வந்தது.

திங்கட்கிழமை அந்த லைனிலிருந்து பதினோரு பேர் வேலைக்குப் போகவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை; அண்ணாச்சி சொன்னார், நின்றோம் என்றார்களாம். மில் மேஸ்திரி நேராகக் கோயிலுக்கு வந்து ஐயரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஐயர் என்னை அழைத்து உட்காரவைத்து, வெகு பணிவாகச் சொன்னார்: "உம்மை அரிசிக்குத்தான் அனுப்பினேன். அரிசியை மட்டும் கொண்டுவாரும்."

யாருடைய பிடி

பெரிய கிளார்க் வேதமாணிக்கம் எங்கள் சபைக் கமிட்டியின் தலைவர். கம்பெனி கொடுத்த வீடு, வாசலில் பூந்தொட்டி, மேஜை மேல் வெள்ளை விரிப்பு. அவர் வீட்டுப் பிடி அரிசிப் பானையை ஒவ்வொரு வாரமும் கவிழ்ப்பேன். என் உள்ளங்கை கூட நிறையாது. கூலி லைனில் நொய்யரிசி வாங்கித் தின்கிறவன் வீட்டுப் பானையோ கழுத்துவரை இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சீக்கிரம் போய்விட்டேன். அடுப்படியில் அவருடைய மூன்று வயது மகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தக் குழந்தை தன் பூப்போன்ற கையால் அரிசியை அள்ளிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தது. பாதி அரிசி தரையில் சிந்தியது. அதையும் பொறுக்கித் தங்கள் உலை அரிசியிலேயே திரும்பப் போட்டார்கள். நான் பார்த்ததை வேதமாணிக்கமும் பார்த்துவிட்டார். கொஞ்சமும் முகம் மாறாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளுக்கு ஒரு பிடி என்றுதான் ஐயர் சொன்னார், ஓய். எந்த ஆள் என்று சொல்லவில்லை."

லத்தாவிலிருந்து வந்தவர்

அறுபது வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழுந்தால் என்னவாகும் என்று வசூல்காரனுக்குத்தான் தெரியும். புழுங்கல், பச்சை, சிவப்பு, நொய், கல், நடுநடுவே யாரோ தவறவிட்ட பித்தான். எந்தப் பெண்ணும் அதை விலைக்கு வாங்கிப் பொங்கமாட்டாள். ஆகவே வாராவாரம் கோயில் வாசலில் ஏலம் போட்டதை வாராவாரம் ஒரே ஆள்தான் எடுத்தார். ரங்கூனின் சீனர் பேட்டையான லத்தாவில் வாத்து வளர்க்கும் சீனக் கிழவர் அவர். அந்தப் பணம் கோயிலில் புது பெஞ்சு போடுவதற்காகச் சேர்ந்துகொண்டிருந்தது. பெஞ்சு முன்வரிசைக்கு, கூலி லைன்காரர்கள் எப்போதும்போல் பின்னால் பாயில்.

ஏழை வயிற்றிலிருந்து எடுத்த பிடி வாத்து வயிற்றுக்குப் போகிறதே என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் அவரிடம் பர்மியப் பேச்சில், இது சாமிக்குக் கொடுத்த அரிசி தெரியுமா என்று கேட்டேன். கிழவர் ஒரு பிடியை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே பதில் சொன்னார்: "சாமி எதையும் தின்பார். என் வாத்து கல்லைப் பொறுக்கிவிட்டுத்தான் தின்னும்."

தாண்டிப் போன வீடு

அந்த மழைக்காலத்தில் மில்லின் பாய்லர் வெடித்தது. ஆள் சேதமில்லை. புதிய உறுப்பு கப்பலில் வரவேண்டும், அதுவரை மில்லும் இல்லை, கூலியும் இல்லை என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள். நான் எத்தனையோ வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் முழுசாக ஒரு நாள் நிறுத்த முடியாத மில்லை ஒரு துருப்பிடித்த குழாய் நிறுத்திவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

மூன்றாம் வாரம் லைனில் அடுப்புப் புகை குறைந்துவிட்டது. அன்னம்மாள் வீட்டைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் புருஷன் ஆசீர்வாதம் மில்லில் மூட்டை தைக்கிறவன், நாலு பிள்ளைகள். ஒரு வேளைதான் உலை வைக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு, பார்க்காதவன்போலத் தாண்டிப் போனேன். பின்னாலேயே சேற்றில் ஓடிவந்து வழியை மறித்தாள். முந்தானையில் முடிந்திருந்த அரிசியைச் சாக்கில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு என்னை முறைத்தாள்: "எங்களைச் சபையை விட்டுத் தள்ளிவிட்டீர்களா அண்ணாச்சி? தள்ளியிருந்தால் சொல்லிவிட்டுத் தாண்டிப் போங்கள்."

கமிட்டி

அன்று மாலையே கமிட்டியில் எழுந்து நின்றேன். இந்த அரிசி வாத்துக்குப் போகக் கூடாது, லைன் வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றேன். கடவுளுக்குக் கொடுத்ததைக் கொடுத்தவருக்கே திருப்ப விதியில் இடமில்லை என்றார்கள். வாக்கெடுத்தார்கள். எதிர்ப்பு ஏழு, ஆதரவு நான். தோல்வி எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை வெளியே என் பக்கமும் ஆள் இல்லை. அன்னம்மாளுக்கு ரகசியமாக இரண்டு படி கொண்டுபோனேன். தர்மச் சோறு தின்னும் நிலைக்கு நாங்கள் வரவில்லை என்று கதவைச் சாத்திவிட்டாள். அவளுடைய கடைசிப் பையன் மட்டும் ஜன்னல் வழியாக என் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் கமிட்டிக்குப் போய்க் கோரிக்கை என்று தொடங்கினேன். வேதமாணிக்கம் கையமர்த்தினார்: "ஓய், இது சங்கமில்லை, சபை. இங்கே கோரிக்கையை முழங்காலில் நின்றுதான் வைப்பது."

மா மியாவின் சோறு

தச்சன் தேவசகாயம் அந்த மாதம்தான் கல்யாணம் செய்திருந்தான். பெண் பர்மாக்காரி, பெயர் மா மியா; புத்தமதம். புது வீடு என்று என் பட்டியலில் சேர்த்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு ஆள் வருவார், கோயிலுக்கு அரிசி போடு என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

அவள் ஊரில் காலையில் வாசலுக்கு வருகிறவர் புத்த பிக்கு. அவருக்குப் போடுவது சோறு. நான் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு, அரக்குப் பாத்திரத்தோடு வாசலில் காத்திருந்தாள். நான் சாக்கை விரித்தேன். ஆவி பறக்கும் சோற்றைப் பாத்திரத்தோடு கவிழ்த்தாள். அறுபது வீட்டு அரிசியின் மேல். நான் வாயடைத்து நின்றேன். அதையும் பிக்குவின் மௌனம் என்று எடுத்துக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டாள். கும்பிட்டவளை எப்படித் திட்டுவது?

கோயிலுக்கு வருவதற்குள் சாக்கு நனைந்து கட்டி கட்டியாகிவிட்டது. ஐயர் கையை விட்டுப் பார்த்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, அறுப்புப் பண்டிகைக்கு வரும் பாலையும் பழத்தையும் பற்றி எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினார்: கெட்டுப்போகும் காணிக்கையை வந்த அன்றே சபையார் பகிர்ந்து உண்ண வேண்டும். விதிப் புத்தகங்களை நான் எத்தனையோ எரித்திருக்கிறேன். அன்று ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். த்வாண்டே ஊர்க் குயவர் செய்த மூன்று பெரிய மண்பானைகளில் கஞ்சி கொதித்தது. கோயில் மணி அடித்தது.

வேதமாணிக்கம் விஷயம் கேட்டு ஓடிவந்தார். சபையைச் சேராதவள் போட்ட சோறு எப்படிக் காணிக்கையாகும் என்று கேட்டார். ஐயர் கரண்டியை நிறுத்தவில்லை: "அவளுடைய சோறு எது, உம்முடைய அரிசி எது என்று பிரித்துக் கொடுத்தால், அவளுடையதைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்."

ஒரே பந்தி

லைன் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். தர்மம் என்றால் வந்திருக்கமாட்டார்கள்; இது மணி அடித்துக் கூப்பிட்ட சபை விருந்து. கிளார்க் வீட்டார் மரியாதைக்காக வந்தவர்கள் தரையில் உட்கார வேண்டியதாயிற்று, வாங்காத பெஞ்சுகளில் உட்கார முடியாதல்லவா. அன்னம்மாள் நாலு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். கடைசிப் பையன் மூன்று தடவை வாங்கிக் குடித்தான். அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையே நான் வழியை மாற்றினேன். மா மியா வீடு முதலில், மற்ற வீடுகள் பிறகு. அடியில் சூடு இருந்தால் மேலே விழுவதெல்லாம் நனையும். சனிக்கிழமை என்றுதான் கமிட்டி எழுதியிருந்தது, மற்ற நாள் கூடாது என்று எழுதவில்லை. ஆகவே வாரத்தில் நாலு நாள் போனேன். வேதமாணிக்கத்துக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒரு நாள் சோதனை போட வந்தவர் ஒரு கிண்ணம் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "உப்புப் போதாது. நாளைக்கு என் வீட்டிலிருந்து வரும்."

கப்பல் வந்த பிறகு

ஏழாம் வாரம் கப்பல் வந்தது, மில் ஓடத் தொடங்கியது. முதல் கூலி கைக்கு வந்த மறுநாள் கமிட்டி கூடி, இனிமேல் பழையபடி வேகாத அரிசிதான், ஏலம்தான் என்று தீர்மானம் போட்டது. நானும் கையைத் தூக்கினேன். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் தனியாகத் தோற்பான்?

சனிக்கிழமை லைனுக்குப் போனேன். முப்பது வீட்டு வாசலிலும் பெண்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். முப்பதிலும் ஆவி. மா மியாவிடம் போய்க் கேட்டுப் பழகி, ஒருவரோடொருவர் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கமிட்டி தீர்மானத்தைச் சொன்னேன். அன்னம்மாள் முதல் ஆளாக என் சாக்கைப் பிடுங்கி விரித்துச் சோற்றைக் கொட்டினாள். கோயில் வாசலில் அன்று ரிக்‌ஷா இழுக்கிறவர்களும், நெல் இருப்புத் தீர்ந்து மில் மூடிய வேறு லைன்காரர்களும், வீடு வாசல் இல்லாதவர்களும் பந்தியில் உட்கார்ந்தார்கள். உங்களுக்குத்தான் கூலி வந்துவிட்டதே, பின் எதற்கு இது என்று வேதமாணிக்கம் கேட்டதற்கு, கஞ்சி ஊற்றிக்கொண்டே அன்னம்மாள் சொன்னாள்: "எங்கள் மில் திறந்துவிட்டது ஐயா. எல்லா மில்லும் திறந்துவிட்டதா?"

நான் பெட்டி மேல் நின்று கத்திக் கத்திச் சேர்க்க முடியாத முப்பது வீடுகள் என்னைக் கேட்காமலே சேர்ந்துவிட்டன என்பதையும், அந்தப் பெருமையில் ஒரு பிடிகூட யாரும் எனக்குக் கொடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிட்டு, சோறு ஒட்டிய சாக்கைத் துவைக்கப் போகிறேன்.