பதினேழாம் மாடியில் மதியச் சாப்பாடு

யாங்கோனில் என்னைச் சாப்பிட அழைத்த வியாபாரி, ஹோட்டலின் பதினேழாம் மாடி பஃபேயில் என்னை விட்டுவிட்டுக் கீழே சூதாட்டக் கூடத்துக்குப் போயிருக்கிறார். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. இங்கே ஐஸ்கட்டியில் செதுக்கிய அன்னம்கூட உருகாமல் நிற்கிறது.

சுட்ட ஆட்டுத் தொடையை வெட்டித் தரும் சமையல்காரர், நான் போனில் பேசியதைக் கேட்டுத் தமிழில் பேசுகிறார். பெயர் குமார். முப்பது வயதிருக்கும். ஜன்னலுக்கு வெளியே, ஓடைக்கு அப்பால் மினுங்கும் தகரக் கூரைகளைக் கத்தியால் காட்டுகிறார்.

"அதாண்ணே தாகேதா. நம்ம வீடு அங்கதான்."

"தினமும் போய் வர்றீங்களா?"

"போயி நாலு மாசமாச்சு. ரோட்டுல இறங்குனா பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க. இங்க துணி வெளுக்கிற ரூம்லதான் படுக்கிறேன். வெள்ளிக்கெழமை வீட்டுக்காரி பின்கேட்டுக்கு வந்து மொஹிங்கா, அதாண்ணே மீன் கொழம்பு நூடுல்ஸ், குடுத்துட்டுப் போவும்."

"இங்கே வந்து தேட மாட்டாங்களா?"

அவர் குரல் இறங்குகிறது. "பட்டாளத்துப் பெரியவங்களே சாப்பிட வர்ற எடம்ண்ணே இது. இங்க தேட மாட்டாங்க."

முடியை ஒட்ட வெட்டிய ஒருவர் பேத்தியோடு வருகிறார். வரிசை தானாகவே விலகுகிறது, நானும் விலகுகிறேன். குமார் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, குழந்தைக்காகப் பொடிப்பொடியாக நறுக்கி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி மரியாதையாகத் தட்டில் வைக்கிறார்.

அவர்கள் பக்கத்து மேஜைக்குப் போன பிறகு என் தட்டை நீட்டுகிறேன்.

"எஸ், சார்?" என்கிறார் குமார், என்னைப் பார்த்தே இராதவர்போல.