பாலம் தாண்டிப் போனது நான்தான்

பதினொரு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நான் பெரியவளாகிவிட்டேன் என்பது காரணம். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் வாப்பாவுக்குப் புடவைக்கடை இருந்தது. கடைக்குப் பின்னாலும் மேலுமாக எங்கள் வீடு. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டின் முன்வாசலை நான் தாண்டவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு காலைப்பொழுதில் உம்மா என் புத்தகப் பையை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தார். அவ்வளவுதான். என் வகுப்புப் பிள்ளைகளிடம் வரமாட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

மாடியில் தெருப்பக்கம் ஒரு அறை இருந்தது. அதன் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். பலகைகளில் ஒன்று மட்டும் உடைந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கண்ணை வைத்தால் கண்டிக்குப் போகும் பஸ் தெரியும், எதிர்க்கடை தெரியும், மாட்டு வண்டிகள் தெரியும். இரண்டு வருஷம் உலகத்தை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். சரி, எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்று என்னை நானே அடக்கி வைத்திருந்தேன். மலேரியா வந்திருக்காவிட்டால் ஒருவேளை அப்படியே அடங்கிப் போயிருப்பேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கங்கை என்று நாங்கள் சொல்லும் ஊர் ஆறு ஓடாமல் பாறைகளுக்கு நடுவில் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. முதலில் கரையோரத்துக் குடிசைகளில் காய்ச்சல் என்றார்கள். பிறகு எங்களுக்கு நாலு கடை தள்ளி என்றார்கள். தினமும் தெருவில் ஜனாசா ஊர்வலம் போனது. பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் குழி வெட்ட ஆளில்லை என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

என் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்போது கண்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வாப்பா ஒரே முடிவாக, "பள்ளிக்கும் வாணாம், ஆத்துக்கும் வாணாம், வீட்ட வுட்டு எறங்கவே வாணாம்" என்று சொல்லிவிட்டார். ஆற்றுக் காற்றுத்தான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று அவர் நம்பினார். நுளம்பு கடிப்பதுதான் காரணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நானா சொன்னபோது வாப்பா, "நுளம்பு இண்டைக்கி நேத்தா ஈக்கிது?" என்று கேட்டார்.

மூன்றாம் நாளே நானா சுவரை உதைக்க ஆரம்பித்தார். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் குசினியில் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பாவம் புள்ள. நாலு சுவருக்குள்ள அடஞ்சி கெடக்கிறண்டா லேசா? மனசு ஒடஞ்சி போகும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்து.

"நானும் உள்ளுக்குத்தானே உம்மா ஈக்கிற? ரெண்டு வருஷமா?"

"நீ பொம்புளப் புள்ளதானே. ஒனக்குப் பழகினதுதானே."

பழகிவிட்டதா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. உம்மா கெட்டவர் இல்லை. தானும் அப்படியே வளர்ந்தவர்.

நானாவின் சிறைவாசத்துக்காக வீடே மாறியது. கண்டியிலிருந்து கரம் பலகை வந்தது. கடை சாத்திய பிறகு வாப்பா அவரோடு உட்கார்ந்து விளையாடினார். வாப்பா விளையாடி நான் கண்டது அதுதான் முதல் தடவை. தெருவைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று மாடி முன்னறையை நானாவுக்குக் கொடுத்தார்கள். ஜன்னலை அகலத் திறந்து வைத்தார்கள். ஆம்பிளைப் பிள்ளை தெருவைப் பார்த்தால் யாருக்கு என்ன? என் பாயையும் தலையணையையும் பின்னறைக்கு மாற்றினார்கள். அதன் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

நோன்பு வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் கம்பளையில் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி வீட்டுக்குப் போய் ஒரு கிழமை தங்குவோம். பின்வாசலுக்கு வரும் திரை போட்ட வாடகைக் காரில் கண்டி ஸ்டேஷன் வரைக்கும், அங்கிருந்து ரயில். சாச்சி வீட்டின் பின்வளவு பெரியது, சுற்றி உயர்ந்த மதில். அதற்குள் நானும் சாச்சியின் மகள்களும் ஓடலாம், கொய்யா மரத்தில் ஏறலாம், சத்தம் போடலாம். வருஷத்தில் அந்த ஏழு நாளுக்காகத்தான் மற்ற நாள்களை நான் பொறுத்துக்கொண்டேன். பெருநாளுக்கு நாலு நாள் முந்தி நோன்பு திறக்கும்போது வாப்பா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த முற கம்பளைக்கிப் போறல்ல. அங்கயும் காய்ச்சல்" என்றார். சரியான முடிவுதான். ஆனால் அடுத்து அவர் சொன்னது இது: "புள்ளைக்கித்தான் கவலையா ஈக்கும். அவனுக்கு வேற ஏதும் செய்வோம்."

நானாவுக்குக் கம்பளை பிடிக்கவே பிடிக்காது. அங்கே கிரிக்கெட் விளையாட ஆளில்லை என்று வருஷா வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்.

பெருநாள் செத்த வீடு மாதிரி வந்து போனது. உம்மா வட்டிலப்பம் செய்தார். அயல் வீடுகளிலிருந்து மூடி வரும் பலகாரத் தட்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. பாதி வீடுகளில் அடுப்பே எரியவில்லை. வாப்பாவும் நானாவும் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு யாரையும் கட்டித்தழுவாமல் திரும்பினார்கள். பகல் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்தார்கள். நான் புதுச் சீத்தைத் துணிச் சட்டையோடு பின்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் நானாவுக்குப் பதினாறு வயது. எங்கள் குடும்பத்தில் அதுவரைக்கும் யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. வகுப்பில் பறங்கிப் பிள்ளைகள் கேக் வெட்டுவதை நானா கண்டிருந்தார். முந்தின வருஷம் கேட்டபோது வாப்பா, "அது நம்மட பழக்கமில்ல" என்று ஒரே சொல்லில் முடித்தார். இந்த வருஷம் நானா கேட்டதும் வாப்பா, "அடஞ்சி கெடக்கிற புள்ள. ஆசப்படுறான். செஞ்சா என்ன?" என்றார். கண்டிக்கு ஆள் அனுப்பி கேக் சொன்னார்கள். வெள்ளைச் சீனி பூசி, மேலே இளஞ்சிவப்புப் பூ வைத்த கேக். கூடவே புரியாணி, கட்லட், பலூடா.

என் பிறந்தநாள் எப்போது என்று நான் உம்மாவிடம் கேட்டேன். உம்மா கொஞ்சம் யோசித்தார். "நீ நல்ல மழைக்காலத்துல பொறந்த" என்றார்.

அன்றைக்குப் பகல், கட்லட் பொரித்துக்கொண்டிருந்த உம்மாவுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. கையிலிருந்த அகப்பை சட்டியின் விளிம்பில் டக் டக் என்று அடித்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"உம்மா, காய்ச்சல். வாப்பாட்ட செல்லப் போற."

"செல்லாத. இண்டைக்கி வாணாம். அவன்ட நாள் கெட்டுப் போகும்."

இப்போது எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது. உம்மா மீதா, நானா மீதா, சொல்லாமல் இருந்த என் மீதா? நான் சொல்லவில்லை. உம்மாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கி நானே பொரித்தேன். உம்மா ஒரு மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வாப்பாவும் நானாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் இரண்டு துண்டு கேக் கீழே வந்தது. உம்மாவால் வாயில் வைக்க முடியவில்லை. நான் என் துண்டைக் கோழிக்குப் போட்டேன்.

இரண்டு நாளில் வாப்பா விழுந்தார். மறுநாள் நானா. கடையைச் சாத்தினோம். வீட்டில் இருந்த கொயினா மாத்திரை தீர்ந்துபோனது. ஒரு நாள் குளிர், ஒரு நாள் நெருப்பு என்று மூன்று பேரும் மூன்று பாயில் கிடந்தார்கள். நானா பினாத்தினார். எதிர்க்கடைக்காரர் காலையில் சாப்பிடப் பாண் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னதும் அவர்தான்.

"நான் போய் எடுத்து வார" என்றேன்.

உம்மாவுக்குப் பேசவே தெம்பில்லை. ஆனாலும் தலையைத் தூக்கி, "கொமருப் புள்ள ரோட்டுல போறதா? ஊர் என்ன செல்லும்? செத்து மௌத்தானாலும் பரவால்ல" என்றார்.

"எனக்குப் பரவா ஈக்கிது" என்று சொல்லிவிட்டு, உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து போர்த்திக்கொண்டு முன்வாசலால் இறங்கினேன்.

கால் கூசியது. வெயில் முகத்தில் அடித்தது. தெரு நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பாதிக் கடைகள் பூட்டு. பாலத்தில் காற்று துப்பட்டியைப் பிடித்து இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பிந்தி வந்த மழைக்குப் பிறகும் ஆறு பாதிதான் நிறைந்திருந்தது. பயந்தேன், உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, இவ்வளவு கிட்டே இருந்ததையா எனக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள் என்று ஒரு கோபமும் கூட நடந்து வந்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய வரிசை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், சிங்களப் பெண்கள், வயிறு வீங்கிய குழந்தைகள். மேசைக்குப் பின்னால் இருந்து மருந்து கொடுத்த அப்போதிக்கரி யாழ்ப்பாணத்துக்காரர். நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"எல்லாருக்கும் காய்ச்சல். மூணு பேர்."

"அப்ப நீதான் பொறுப்பு. மூண்டு நேரம் குடுக்கவேணும். குடுத்தாப் போதாது, விழுங்கிறாங்களோ எண்டு பாக்கவேணும். போத்தல் எங்கை?"

போத்தல் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போய் வந்தால் வரிசை முடிந்துவிடும். எனக்குப் பின்னால் நின்ற சிங்களப் பெண்ணிடம் இரண்டு போத்தல் இருந்தது. ஒன்றை என் கையில் வைத்து, "கொண்டு போ மகள்" என்று சிங்களத்தில் சொன்னார். அது சாராயப் போத்தல். கழுவியும் வாசம் போகவில்லை. அதில்தான் கொயினாத் தண்ணியை வாங்கித் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு வந்து என் வாப்பாவுக்கு ஊற்றினேன். கசப்பில் முகத்தைச் சுளித்தார், வாசத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்பது நாள் போய் வந்தேன். மூன்று பேருக்கும் கஞ்சி வைத்து, வேர்வைத் துணி மாற்றி, விழுங்குகிற வரைக்கும் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

வாப்பா எழுந்து கடைவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் நாள், எதிர்க்கடைக்காரர் வந்து சுகம் விசாரித்தார். நல்ல மனதோடுதான், "ஒங்கட மகள்தான் தெனமும் பாலத்துக்கு அங்கால போய் வந்த" என்று சொல்லியிருக்கிறார். வாப்பா உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைக் கேட்டார்.

"யாரக் கேட்டு இவள ரோட்டுல எறக்கின?"

"நான் அனுப்பல்ல. அவளாப் போன" என்றார் உம்மா.

அதுவரைக்கும் நான் வாப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. "நான் போகாட்டி இதக் கேக்க நீங்க உசிரோட ஈந்தீப்பீங்களா வாப்பா?" என்றேன்.

அவர் கை ஓங்கவில்லை. அன்று பின்னேரம் ஆள் வந்து முன்வாசல் கதவின் உள்பக்கத்தில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை நானாவை மறுபடி பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அவருடைய விடுதலைக்காக வீட்டில் மௌலூது ஓதிச் சோறு போட்டார்கள். எதிர்க்கடைக்காரருக்கு நன்றி சொன்னார்கள், அப்போதிக்கரி ஐயாவுக்கு துஆக் கேட்டார்கள். அந்தச் சோற்றை ஆக்கியது நான். முன்னறை நானாவிடமே இருந்தது. கேட்டதற்கு, "எனக்குப் படிக்க வெளிச்சம் வேணுமே" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கம்பளையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வந்து வீட்டுச் சாலையில், பெரிய கூடத்தில், இருந்தார்கள். நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் மருதாணிக் கையோடு நான், உம்மா, சாச்சி. நானா காய்ச்சல் வருஷத்துக் கதையை எடுத்தார். அவருக்குப் பிடித்த கதை. மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்தாராம், பைத்தியம் பிடிக்கப் பார்த்ததாம். பிறகு எல்லாருக்கும் காய்ச்சலாம். "வாப்பாதான் அந்தக் காய்ச்சலோட பாலம் தாண்டிப் போய் மருந்து எடுத்து வந்த" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வாப்பாவும் அங்கேதான் இருந்தார். வாய் திறக்கவில்லை.

"இல்ல" என்றேன், திரைக்கு இந்தப் பக்கமிருந்து. "நான்தான் போன. ஒம்பது நாள். சாராயப் போத்தல்ல எடுத்து வந்த."

உம்மா என் தோளைக் கிள்ளிய கிள்ளில் நீலம் கட்டி, கலியாணப் பட்டுக்குள் இரண்டு நாள் வலித்தது. பிறகு நானா சிரித்து, "காய்ச்சல்ல எனக்கு என்ன ஞாபகம்" என்று தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார். பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

அவர்கள் போன பிறகு வாப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஓ, மெய்தான். நீதான் போன மகள்" என்றார்.

"அத அவங்க ஈந்த நேரம் செல்லியீக்கலாமே வாப்பா."

வாப்பா பின்வளவில் சோற்றுச் சட்டி இறக்கியாகிவிட்டதா என்று பார்க்கப் போனார்.