போனில் காட்டிய கால்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் சிரித்துப் பேச என்னால் ஆகாது. "ஜாய்ஸம்மாகிட்ட சீட்டு இல்லாம போவாத, வாங்கிக் கட்டிக்குவ" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. பெரிய பெருமை, போங்கள்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் எல்லம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். இவள் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறை துடைத்து, படுக்கை விரித்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். ஒரே மகள் அனு கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் கடைசி வருஷம் படித்தாள். "அது படிச்சி முடிக்கிற வரிக்கும் என் காலு ஓடணும் ஜாய்ஸம்மா. அப்பால இன்னா ஆனா இன்னா" என்பாள்.

அவளுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தரம் என் கடைக்குள் வந்து உட்காருவாள். என் போனில்தான் வீடியோ டாக்டரைப் பிடித்துக் கொடுப்பேன். ரோகிணி என்று ஒரு சின்ன வயது டாக்டர் பேசும். நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனுக்கே சீட்டு அனுப்பிவிடும். புதிதாக ஏதாவது தொந்தரவு என்றால் மட்டும் "நேர்ல போய்க் காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிடும், சீட்டு வராது. அதனால் என் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுக்கும்போதே, "கேட்டா ஒண்ணும் இல்ல, அதே மாத்திரைன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

போன டிசம்பரில் ஓட்டலில் எல்லோருக்கும் கறுப்பு ஷூ கொடுத்தார்கள். ஆயுசு முழுக்கச் செருப்பு போட்ட கால். இடது சுண்டுவிரல் ஓரத்தில் கடித்துப் புண்ணாகிவிட்டது. எனக்கு அதைக் காட்டியபோது சுற்றிலும் தோல் கறுத்திருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலியே இல்ல. அதான் நான் கண்டுக்கல."

சர்க்கரைக்காரர்களுக்கு வலி இல்லாததுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே. கழுவி, மருந்து போட்டுக் கட்டிவிட்டு, "நாளைக்கே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று கத்தினேன்.

"வியாயக்கிழம எனக்கு லீவு. அன்னிக்குக் கண்டிப்பா போறேன். இப்ப ரூம் எல்லாம் ஃபுல்லா கீது, நடுவுல நின்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. மாத்திர தீந்து மூணு நாளாச்சி, சீட்ட மட்டும் வாங்கிக் குடும்மா."

அந்த நேரம் பார்த்துப் போனில் ரோகிணி டாக்டர் வந்துவிட்டது. கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, "கால ரெண்டையும் காட்டுங்கம்மா" என்றது. இதற்குமுன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எல்லம்மாள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் என் காலைக் கண்ணால் காட்டினாள்.

கவுன்டரில் ஐந்தாறு பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சீட்டு இல்லாமல் மாத்திரை தர எனக்கு மனசு வராது. மாத்திரை இல்லாமல் அவளை அனுப்பவும் மனசு வரவில்லை. அவளும் நானும் ஒரே நிறம். அவளுக்கு மெட்டி இல்லை, நானும் போடுவதில்லை. போனைக் கீழே இறக்கி, செருப்பைக் கழற்றி, என் இரண்டு கால்களையும் காட்டினேன். விரல்களைக்கூட விரித்துக் காட்டினேன்.

"கால நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றது டாக்டர். சீட்டு வந்தது. எல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை ஓட்டலில் கல்யாணக் கூட்டம், லீவு கிடையாது என்றுவிட்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே. நான் போன் போட்டுத் திட்டினேன். "டாக்டரே நல்லா கீதுன்னுச்சே" என்று அவள் கேலி பேசினாள். பதினாறாம் நாள் காய்ச்சலில் உளறிக்கொண்டு கிடந்தவளை நான்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அனு வந்தாள். யூனிஃபார்மை மாற்றக்கூட இல்லை. கட்டுப் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், கேஸ் ஷீட்டை இரண்டு தரம் படித்தாள். பிறகு, "யாருகிட்டயுமே கால காட்லியாம்மா?" என்று கேட்டாள்.

எல்லம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. "காட்னேன்மா. போன்ல டாக்டருக்குக் காட்னேன். அந்தப் பொண்ணு சரியா பாக்கல" என்றாள்.

அனுவின் முகம் சிவந்துவிட்டது. "அந்த டாக்டர் பேரு இன்னா? நான் சும்மா வுடமாட்டேன்" என்றாள். பெயர் என் போனுக்கு வந்திருந்த சீட்டிலேயே இருந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கவேண்டியது அப்போதுதான். எத்தனை பேரை வாய்கிழியத் திட்டியவள் நான்.

அனு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க தூக்கினு வரலன்னா அம்மா செத்திருக்கும் ஆண்ட்டி. உங்கள சாவுற வரிக்கும் மறக்கமாட்டேன்" என்றாள்.

"பரவால்லம்மா" என்றேன்.