மலை பெய்த கடிதங்கள்

சென்ற வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையிலேயே பட்டுக்கரை ஒட்டியிருந்தார்கள். எங்கள் காஞ்சிபுரத்தில் பத்திரிகைகூடச் சேலை கட்டிக்கொண்டுதான் வரும். உள்ளே, தங்கள் 'நள்வரவை' நாடுவதாக அச்சிட்டிருந்தது. நள் என்றால் நடு, இருள். முகூர்த்தம் என்னவோ காலை ஏழரை மணிக்குத்தான். ஆனால் எங்களை நடுநிசியில் வரச் சொல்லியிருந்தார்கள். என்னை அறியாமல் சிவப்புப் பேனாவை எடுத்து, ளகரத்தைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் 'ல்' என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் இது வீட்டுக்கு வந்த அழைப்பு, திருத்தித் தர வேண்டிய அச்சுப்படி அல்ல என்பது உறைத்தது.

இந்த நோய் எனக்குப் பிறப்பிலேயே வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்ததும் என் கணவர் எழுதிய முதல் கடிதத்தில் நான்கு ஒற்றுப் பிழைகள். நான்கையும் வட்டமிட்டு, திருப்பி அனுப்புவதற்கு உறையும் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அம்மா அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அனுப்பியிருந்தால் எனக்கு வேறொரு மாமியார் வாய்த்திருப்பார்.

பத்திரிகையை முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. அந்த நாள் பத்திரிகைகளில் மூலைக்கு மூலை தடவிய மஞ்சளையும் மீறி அச்சு மை மணக்கும். அதோடு, ஈய எழுத்துகளைக் கழுவுகிற மண்ணெண்ணெய் வாடையும் கொஞ்சம் இருக்கும். எனக்கு அது அப்பாவின் சட்டை வாசனை. கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில் அவர் பிழை திருத்துபவர். ஊரில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கருட சேவை அனைத்தும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். தெருவில் நடக்கும்போதும் அந்தக் கண் ஓயாது. சினிமாச் சுவரொட்டி, சாப்பாட்டுக் கடைப் பலகை, அரிசி மூட்டையில் குத்திய முத்திரை எதையும் விடமாட்டார். 'தயிர்ச் சாதம்' என்பதில் ச் விடுபட்ட கடையில் அவர் தயிர்ச் சாதம் சாப்பிட்டதே இல்லை.

அப்படிப்பட்டவருக்குத் தயாளன் என்றொரு மகன். என் அண்ணன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் தன்னோடு அச்சகத்துக்கு வந்து எழுத்துக் கோக்கட்டும் என்று அப்பா நினைத்திருந்தார். முதலாளியிடமும் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் ஒருநாள், வாலாஜாபாத்தில் அத்தை வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறினான். இரண்டு வாரம் கழித்து, ஏதோ ஒரு பயிற்சி முகாமிலிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. 'நான் இரானுவத்தில் சேர்ந்துவிட்டேன்.'

அம்மா கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா கடிதத்தை வாங்கினார், படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அதை எடுத்து, சிவப்பு மையைத் தொட்டு, இரண்டு சுழி 'னு'வை மூன்று சுழி 'ணு' ஆக்கினார்.

"சேர்ந்ததே தப்பு. சேர்ந்தேன்னு எழுதினதும் தப்பு," என்றார்.

அதோடு ஒரு சபதமும் செய்தார். இனி அவனுக்குத் தாம் ஒரு வரி எழுதப் போவதில்லை. அம்மா சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதுவேன். பசு கன்று போட்டது, மாகறல் மாமா வந்து பூசணிக்காய் கொடுத்துவிட்டுப் போனார், இப்படி. எனக்கு அப்போது பத்து வயதோ பதினொன்றோ. அம்மா "எங்க கண்ணு எப்பிடி இருக்குது" என்றால் நான் "தாங்கள் எவ்வாறு உள்ளீர்கள்" என்று எழுதி அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பேன். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அப்பா, பிழை திருத்திய பழைய கடிதத்தை மடித்து உள்ளே செருகிவிடுவார். திருத்துவது வேறு, எழுதுவது வேறு என்பது அவர் கட்சி.

அம்மாவுக்கு இது பொறுக்காது.

"ஏங்க, துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்கிற புள்ளைக்கு ரெண்டு சுழி மூணு சுழின்னு திருத்திக்கினு இருக்கீங்களே, நல்லாவா இருக்குது?"

"துப்பாக்கிய ஒழுங்காப் புடிக்கிறானான்னு அவங்க மேஜர் பாக்கட்டும். இத நான் பாக்கறேன்."

அண்ணனும் லேசுப்பட்டவன் அல்லன். கடிதத்துக்குக் கடிதம் பிழைகள் பெருகின. ஒருமுறை 'இங்கே நான்கு நாளாக மலை பெய்கிறது' என்று எழுதினான். அப்பா ழகரத்தை இட்டுவிட்டு, ஓரத்தில் 'மலை பெய்தால் ஊரே நசுங்கிவிடும்' என்று குறித்தார். இன்னொருமுறை 'ஞாயிற்றுக்கிழமை கரி சாப்பாடு' என்று வந்தது. 'கரி அடுப்புக்கு. வயிற்றுக்குக் கறி' என்று திரும்பிப் போனது. நாளாக ஆக ஓரக்குறிப்புகள் நீண்டன. 'குலிர் தாங்கவில்லை' என்பதற்கு வந்த திருத்தம் எனக்கு இன்றும் மனப்பாடம்: 'குளிர். கம்பளி எத்தனை கொடுத்தார்கள்? போதாவிட்டால் எழுது. பிழையின்றி எழுது.' சபதம் அப்படியேதான் இருந்தது. ஒரு வரி எழுதவில்லை, மூன்று வரி எழுதியிருந்தார்.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் முனுசாமி, அப்பாவைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவர். "இன்னா ஐயா, தம்பி லெட்டர் புரூப் வந்துச்சா? இந்தவாட்டி எத்தினி தப்பு?" என்பார். "பதினாலு," என்பார் அப்பா, வேதனையோடு சொல்வதுபோல. அந்தக் குரலில் வேதனை இல்லை என்பது முனுசாமிக்கும் தெரியும், எழுத்துப் பெட்டிகளுக்கும் தெரியும்.

அண்ணன் முதல்முறை விடுப்பில் வந்தபோது, தோள் அகன்று, மீசை வைத்துக்கொண்டு, வேறு யாரோபோல் இருந்தான். அவனும் அப்பாவும் நேருக்கு நேர் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். "வா." "வந்தேன்பா." "சாப்பிட்டியா?" "ஆச்சுபா." அவ்வளவுதான். ஒருநாள் பிற்பகலில் நான் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் நிலக்கடலை உரித்துத் தின்றபடி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"பாப்பா, முயற்சிக்கு எதுக்கு அந்த ச்? ற் வந்தா பக்கத்துல இன்னொரு ஒத்து நிக்காது. அடி."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "இதெல்லாம் தெரியுமா உனக்கு? அப்புறம் ஏன் மலை பெய்யுதுன்னு எழுதற?"

ஒரு கடலையைத் தூக்கிப்போட்டு வாயால் பிடித்தான். "மொத லெட்டர்ல நெசமாவே தப்பு வந்துடிச்சி. அது செவப்பா திரும்பி வந்துச்சா, அப்பதான் புரிஞ்சிது. மழை பெய்யுதுன்னு ஒழுங்கா எழுதினா அவரு எதுக்குப் பேனாவ எடுக்கப் போறாரு? எங்க பேரக்ல எல்லாருக்கும் அம்மா லெட்டர் வருது, பொண்டாட்டி லெட்டர் வருது. அப்பன் கையெழுத்து எனக்கு மட்டும்தான் வருது. வாய மூடிக்கினு இரு."

மூடிக்கொண்டிருந்தேன். ஓர் அரசாங்க ரகசியத்தைக் காப்பதுபோல் இரண்டு வருடம் காத்தேன். அவன் கடிதம் வந்தால் அம்மா அவன் நலத்தைத் தேடுவாள். நான் பிழைகளை எண்ணுவேன். பிழை நிறைய இருந்தால் அவன் நன்றாக இருக்கிறான் என்று பொருள்.

எழுபத்தொன்றாம் வருடம் டிசம்பரில் சண்டை மூண்டது. தெருமுனை டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. தறிகள்கூடச் செய்தி நேரத்தில் நின்றன. வழக்கமாகச் செய்தி வாசிப்பவரின் லகர ளகரத்தை ஏசிக்கொண்டே கேட்கும் அப்பா, அந்த நாள்களில் ஏசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கடிதம் வந்தது. சண்டைக்கு முன்னரே எழுதியது. ஒரே பக்கம். எல்லோரும் நலமா என்று கேட்டிருந்தான். இங்கே பனி அதிகம், பணியும் அதிகம் என்றிருந்தான். அடுத்த கடிதம் தாமதமாகலாம், கவலை வேண்டாம். வீட்டில் என் பெட்டியில் இருக்கும் பேனாவைப் பாப்பா எடுத்துக்கொள்ளட்டும். கடைசி வரி: 'நான் செய்த பிழைகளை அப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.'

நான் எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. பனி, பணி இரண்டும் அதனதன் சுழியோடு நின்றன.

அப்பா வாங்கிப் படித்தார். பிறகு அச்சகத்தில் செய்வதுபோல், பொருள் கண்ணை ஏமாற்றாமல் இருக்க, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குத் தலைகீழாகப் படித்துக்கொண்டு போனார். மூன்றாம் முறை ஓர் அட்டையால் மற்ற வரிகளை மறைத்து, வரி வரியாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணுமே இல்லையே."

அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானே? இப்பவாவது ஒழுங்கா எழுதினானே எம்புள்ள."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஒரு கணத்தில் இரண்டு செய்திகள் எனக்குத் தெரிந்தன. அண்ணனின் ரகசியம் அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. இனி எழுத முடியுமோ முடியாதோ என்று எண்ணியவன்தான் இப்படிச் சுத்தமாக எழுதுவான் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அச்சகத்துக்குக் கிளம்புமுன் அவர் சிவப்பு மைப்புட்டியைத் திறந்தார். கடைசி வரியில் 'பிழைகளை' என்பதன்கீழ்க் கோடிழுத்தார். ஓரத்தில் 'பிழை' என்று எழுதினார். கடிதத்தை உறையிலிட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இதுல என்னப்பா பிழை? எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கான்! இப்பக்கூடவா தப்புன்னு போடணும்?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அது பெயர்ச்சொல் இல்லம்மா. ஏவல்."

தபாலாபீசுக்குப் பாதி வழி போன பிறகே எனக்கு விளங்கியது. இலக்கணத்தில் அப்போது நான் வகுப்பில் முதல் மாணவி. அப்படியும் அவ்வளவு நேரம். பிழை என்றால் தவறு. பிழை என்று ஒருவனைப் பார்த்து ஏவினால், உயிரோடு இரு என்று பொருள். ஊர்ப் பெயரே இல்லாமல் எண்ணை மட்டும் சுமந்த அந்த முகவரியை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, உறையைப் பெட்டிக்குள் போட்டேன்.

சண்டை முடிந்தது. வென்றோம் என்று தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். அம்மா வாங்கி, தின்னாமல், சாமி படத்தின்முன் வைத்தாள். எறும்பு வந்தது, கடிதம் வரவில்லை. முனுசாமி தினமும் மாலையில் ஏதோ சாக்கில் வீட்டுக்கு வந்து, எத்தினி தப்பு என்று கேட்காமல் திரும்பிப் போனார்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்தது. எழுத்து கோணலாக இருந்தது. தோளில் காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்று தொடங்கி, அடுத்த வரி: 'அப்பா ஏவியபடி பிளைத்தேன்.'

அப்பா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் எழுப்பிய சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது.

"பாருடி! பிளைத்தேனாம்! மூணு வருஷமா தொண்டத் தண்ணி வத்தத் திருத்தறேன், இன்னும் ழகரம் வரல இந்தக் கழுதைக்கு!"

சொல்லிக்கொண்டே சிரித்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் நியாயம் கேட்டாள்: "இன்னா மனுசன்மா இவரு! சரியா எழுதினா சோறு தின்ன மாட்டேங்கிறாரு, தப்பா எழுதினா சிரிக்கிறாரு!"

அந்தக் கடிதத்தில் மொத்தம் பத்தொன்பது பிழைகள். அவ்வளவையும் அன்றே திருத்தி, பொங்கலுக்கு முன் தபாலில் சேர்த்தார்.

அதனால்தான், சண்டைக்குப் போனவர்களின் வீடுகளில் துணியில் சுற்றி வைத்திருக்கும் கடிதக் கட்டு எங்கள் வீட்டில் இல்லை. அவன் எழுதியவை எல்லாம் அவனுக்கே திரும்பிப் போய்விட்டன. அவனாவது வைத்திருக்கிறானா என்று கேட்டேன். ஊர் ஊராக முகாம் மாறியதில் தகரப் பெட்டியோடு எங்கோ போய்விட்டதாம். "எங்கனு தெரிஞ்சா நானே போய் எடுத்தாந்திருப்பேன் பாப்பா," என்றான்.

அண்ணன் இப்போது ஏனாத்தூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். ஓய்வூதியக்காரர் சங்கத்துக்கு மனு எழுதித் தருவது, தெருவிளக்குக்காக அதிகாரிகளுக்கு எழுதுவது எல்லாம் அவன்தான். எனக்கும் மாதம் ஒரு கடிதம், கையால். அப்பா போய் முப்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவன் கடிதங்களில் நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பிழைகூட அகப்பட்டதில்லை.