அத்தானைச் சாகடித்த ஆங்கிலக் கடிதம்

கார்பன் தாளின் நீலம் விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது... சோறு பிசையும்போதும் அந்த மணம் வரும். என் கையில் எப்போதும் இருந்த கருவாட்டு மணத்தையே வென்ற மணம் அது.

ஏன் இப்போது இந்த ஞாபகம் என்றால், எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் நேற்று இப்படிப் போட்டிருந்தார்: "இனி ஆருக்கடாப்பா இலக்கணம்? கம்ப்யூட்டர் பிழையில்லாம எழுதித் தருது." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

எரிச்சல் தாங்கவில்லை. அங்கே எழுதினால் வாய்த்தர்க்கம் வரும். இங்கே எழுதுகிறேன்.

யுத்த காலம். நான் திருகோணமலைக் கரையோரம் சல்லியிலும் இறக்கக்கண்டியிலும் கருவாடு வாங்கி, சைக்கிளில் கட்டி, டவுனுக்குக் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தேன். அக்காவைச் சல்லியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் கடலுக்குப் போகிறவர். வள்ளமும் இஞ்சினும் அக்காவின் பேரில்.

ஒருநாள் சோதனைக்கென்று இஞ்சினைக் கழற்றிக் கடற்படை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்ப எடுக்க வேண்டுமென்றால் மனு கொடுக்க வேண்டும். இஞ்சின் இல்லாவிட்டால் வள்ளம் மணலில். வள்ளம் மணலில் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அக்கா அன்றைக்கே கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனால் அவர் எழுதினால் ஒரு சொல்லைக்கூட எடுக்க இடமிராது.

நான்தான் தடுத்தேன். "அக்கா, உங்கட கொப்பித் தமிழை அங்க ஆர் பாக்கிறது? இங்கிலீஷில போனாத்தான் மதிப்பு. நான் டவுனில எழுதுவிச்சுக்கொண்டு வாறன்."

டவுனில் அரசாங்கக் கந்தோர்களுக்கு முன்னால் மரநிழலில் தட்டச்சு இயந்திரத்தோடு ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. எனக்கோ அன்று சந்தை கலையுமுன் கருவாட்டை விற்றுவிட வேண்டுமென்ற அவசரம். அக்காவின் பெயர், விலாசம், இஞ்சின் இலக்கம் மூன்றையும் கொடுத்து, "இஞ்சினை விடச்சொல்லி ஒரு மனு" என்றேன்.

"விளங்கிட்டுது தம்பி. நேற்றும் இப்பிடி ஒண்டு அடிச்சனான்."

பத்து நிமிடத்தில் கடிதமும் அதன் கார்பன் பிரதியும் கையில். அச்சடித்த மாதிரி வரிகள்... ஓரம் ஒன்றுகூடக் கோணவில்லை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது; பார்க்கத் தெரியும். பார்த்தேன், மனம் குளிர்ந்துவிட்டது.

"என்னடா தம்பி எழுதியிருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"இங்கிலீஷ் அக்கா. நல்ல வடிவா எழுதியிருக்கு. வையுங்கோ கையெழுத்தை."

வைத்தார்.

மறுநாள் மூவரும் முகாம் வாசலில். அதிகாரி கடிதத்தை வாசித்தார். அக்காவைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். அத்தானின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு தமிழ் தெரிந்த எழுதுவினைஞரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

எழுதுவினைஞர் அக்காவிடம் கேட்டார்: "அம்மா, உங்கட புருசன் கடலில மோசம் போயிட்டாரெண்டு இதில எழுதியிருக்கு. அப்ப அவற்ற ஐசியை வைச்சுக்கொண்டு நிக்கிற இவர் ஆர்?"

முதல் நாள் யாரோ ஒரு விதவைக்கு அடித்த மனு அது. மாஸ்டர் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறார்.

இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த நாளில், செத்தவனின் அட்டையோடு பிடிபட்டவன் என்றால் என்ன அர்த்தமென்று திருகோணமலையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இயக்கப் போராளியோ என்ற சந்தேகத்தில் அத்தானை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

அக்கா அழவில்லை. என் சட்டைப்பையிலிருந்த கார்பன் பிரதியைப் பிடுங்கினார், என் பேனையை எடுத்தார், அந்தத் தாளின் பின்பக்கத்தில் சுவரோடு வைத்து எழுதினார். தமிழில், ஏழெட்டு வரி. வள்ளம் யாருடையது, ஓட்டுவது யார், அவர் எங்கே பிறந்தவர், முதல் கடிதத்தை யார் எழுதியது, தான் ஏன் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்...

எழுதுவினைஞர் வரி வரியாக மொழிபெயர்த்தார். ஒவ்வொரு வரிக்கும் அதிகாரி கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. இருக்காமல்? அவர் எழுதியதல்லவா.

பொழுது சாய முன்னம் அத்தான் வெளியே வந்தார். இஞ்சின் வர மூன்று மாதமானது, அதுவும் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி இல்லாமல்.

அடுத்த நாளே மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். மனுஷன் அசையவில்லை. தன்னிடமிருந்த இன்னொரு கார்பன் பிரதியை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "இங்கிலீஷில ஒரு பிழை காட்டும் பாப்பம்!"

உண்மைதான். ஒரு பிழையும் இல்லை. அத்தான் செத்தது ஒன்றைத் தவிர.

இப்போது எனக்குத் துறைமுகப் பக்கம் சொந்தக் கடை. கடிதங்களை என் மகள் கம்ப்யூட்டரில் எழுதுவிக்கிறாள். போன கிழமை, மழையால் சரக்கு பிந்தும் என்று ஒரு வாடிக்கையாளருக்கு அறிவிக்கச் சொன்னேன். அவள் அனுப்பிவிட்ட கடிதத்தில் ஏழு நாளைக்குள் புதுச் சரக்கு இலவசமாகத் தருவோம் என்று ஒரு வாக்குறுதி!

"இதை ஆர் பிள்ளை சொன்னது?"

"அது தானா எழுதினது அப்பா. எவ்வளவு வடிவா இருக்கு பாருங்கோவன்."

"கையெழுத்தையும் அது தானா வைக்குமோ?"

அவளுக்குக் கோபம். எனக்கு அவளைவிட என்மேல்தான் எரிச்சல். அதே 'வடிவு' என்ற சொல்லைச் சொல்லித்தானே நான் அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன்!

இலக்கணம் வேண்டாம் என்கிற நண்பர்களே... எழுதத்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது, சரி. அது எழுதியதில் நீங்கள் சொன்னது எது, சொல்லாதது எது என்று பிடிக்க உங்களுக்கு மொழி தெரிய வேண்டாமா? அந்தக் காலத்தில் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தோம். இப்போது தெரிந்தும் வாசிப்பதில்லை. எது மோசம்?

அத்தானுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. வங்கிப் படிவமோ, ஆஸ்பத்திரித் துண்டோ, எது வந்தாலும் என்னிடம் நீட்டி அதே கேள்விதான் கேட்பார்.

"வடிவா வாசிச்சுச் சொல்லு மச்சான்... இதில நான் உயிரோட இருக்கிறனோ?"